50 கேபிக்குள் ஒரு முகம்

டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு வந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பிரவுசிங் சென்டர்களில் ஓயாமல் கேட்கும் வாக்கியம் இது: "அண்ணே, இந்த போட்டோ சைஸைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க."

சைஸ் என்று நாம் சொல்வது இரண்டு விஷயங்களை. படத்தின் நீள அகலம் ஒன்று, அதைப் பிக்சலில் எண்ணுகிறோம். கோப்பு டிஸ்கில் பிடிக்கும் இடம் இன்னொன்று, அது கேபியில். வங்கித் தேர்வு நடத்தும் ஐபிபிஎஸ் இரண்டையும் சொல்லிவிடும். புகைப்படம் 200க்கு 230 பிக்சல், 20 முதல் 50 கேபிக்குள். கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபிக்குள். உச்சவரம்பு மட்டுமில்லை, கீழேயும் ஒரு வரம்பு இருப்பதைப் பாருங்க. வெள்ளைப் பின்னணியில் எடுத்த முகத்தை 200க்கு 230 ஆக்கி, வழக்கமான தரத்தில் சேமித்தால் பல நேரம் 20 கேபிக்கும் கீழே போய்விடும். இணையதளம் அதையும் ஏற்காது. அப்புறம் "கொஞ்சம் ஏத்திக் கொடுங்க" என்று மறுபடி வரிசையில் நிற்கணும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 12 மெகாபிக்சல் போனில் எடுத்த படம் 4000க்கு 3000, அதாவது 1.2 கோடி புள்ளிகள். 200க்கு 230 என்றால் 46,000 புள்ளிகள். ஏறக்குறைய 260 புள்ளிக்கு ஒன்றுதான் மிஞ்சும். மீதி 259 எங்கே போயின, எது இருக்கணும் எது போகணும் என்று யார் முடிவு செய்தார்கள்? கமாண்ட் லைனில் ஒரே வரியில் முடிகிற இந்த வேலைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத்தான் இந்தக் குறிப்பில் எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஜெஃப் பொஸ்கன்சர் என்ற அமெரிக்க நிரலாளர். 1980களில் மின்னஞ்சலில் எழுத்தை மட்டும்தான் நம்பி அனுப்பலாம். படக் கோப்பை அப்படியே வைத்தால் வழியில் சிதைந்துவிடும். அதற்கு அவர் கண்ட வழி வேடிக்கையானது. கறுப்புப் புள்ளிக்கு 1, வெள்ளைப் புள்ளிக்கு 0 என்று படத்தையே எழுத்தாக எழுதிவிட்டார். பிபிஎம் என்கிற வடிவம் அது. நோட்பேடில் திறந்தால் கண்ணாலேயே படிக்கலாம், புள்ளிக்கோலம் மாதிரி. 1988ல் இதைச் சுற்றி அவர் வெளியிட்ட குட்டிக் கருவிகளின் மூட்டைக்குப் பெயர் பிபிஎம்பிளஸ். திருப்ப ஒரு கருவி, வெட்ட ஒரு கருவி, அளவு மாற்ற ஒரு கருவி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலை. ஒன்றின் வாயிலிருந்து வருவதை இன்னொன்றின் காதில் ஊற்றலாம். யூனிக்ஸ்காரர்கள் இதைப் பைப் என்பார்கள். 1991 டிசம்பருக்குப் பிறகு அவர் புதிய பதிப்பு விடவில்லை. 1993ல் வேறு சிலர் அதை எடுத்து நெட்பிபிஎம் என்று பெயர் மாற்றி வளர்த்தார்கள். இன்றும் உபுண்டுவில் ஒரு வரியில் நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டாவது கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1987. டியூபான்ட் என்கிற ரசாயனக் கம்பெனி. அங்கே வேலை பார்த்த ஜான் கிறிஸ்டியிடம் அவருடைய மேலாளர் டேவிட் பென்சாக் ஒரு வேலையைத் தருகிறார். கணினி உருவாக்கும் படங்களில் 1.6 கோடிக்கும் மேல் நிறங்கள் இருக்கலாம், ஆனால் மேசையில் இருக்கும் திரை ஒரே நேரத்தில் 256 நிறம்தான் காட்டும். அதில் இதைக் காட்டணும். கிறிஸ்டிக்கு வழி தெரியவில்லை. யூஸ்நெட் குழுவில் கேள்வியைப் போடுகிறார். தெற்கு கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த பால் ராவெலிங் பதில் சொன்னதோடு நிற்காமல், நிரலின் மூலத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். முன்பின் பார்க்காத ஆள்!

அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கணும் என்ற எண்ணத்தில்தான் கிறிஸ்டி தன் கருவியையும் இலவசமாகக் கொடுக்க விரும்பினார். ஆனால் சம்பளம் கொடுத்தது டியூபான்ட், நிரல் டியூபான்டின் சொத்து. கம்பெனியிடம் அனுமதி வாங்கி, 1990 ஆகஸ்ட் 1 அன்று யூஸ்நெட்டில் வெளியிட்டார். அதுதான் இமேஜ்மேஜிக். 1996லிருந்து பிசிக்வெஸ்ட் இதழோடு லினக்ஸ் சிடி வர ஆரம்பித்தது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். காலேஜ் லேபில் கிராபிக்ஸ் கார்டு ஒத்துழைக்காமல் கறுப்புத் திரையிலேயே உட்கார்ந்திருந்த காலத்தில், படத்தையே பார்க்காமல் படத்தைச் சுருக்கலாம் என்பது எங்களுக்குப் பெரிய மாயமாகத்தான் இருந்தது.

இதில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. கன்வெர்ட் என்பது அசலைத் தொடாமல் புதுக் கோப்பு எழுதும். மோக்ரிஃபை என்பது அசலின் மேலேயே எழுதிவிடும். ஒரு ஃபோல்டரில் 500 படம் இருந்தால் மோக்ரிஃபை ஒரே வரியில் 500ஐயும் சுருக்கிவிடும், "நிச்சயமா?" என்றுகூட கேட்காது. வசதியும் அதுதான், ஆபத்தும் அதுதான். கன்வெர்ட்டுக்கு வேறொரு தொல்லை. விண்டோஸில் ஏற்கனவே அதே பெயரில் ஒரு கட்டளை உண்டு, ஹார்ட் டிஸ்கின் கோப்பு முறையை மாற்றுவதற்கு! போட்டோவைச் சுருக்கப் போய் டிஸ்கை மாற்றும் கட்டளையை அழைக்கிறோம். ஏழாம் பதிப்பிலிருந்து கட்டளையின் பெயரே மேஜிக் என்று ஆனதால் இந்தத் தலைவலி குறைந்தது. எத்தனையோ இணையதளங்களின் சர்வரில் படத்தைச் சுருக்குவது இதுதான் என்பது 2016ல் இதில் பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோதுதான் பலருக்கும் தெரிந்தது.

சரி, புள்ளிகளுக்கு வருவோம். 260 புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சும்மா 16வது புள்ளியை எடு, அடுத்த 15ஐத் தள்ளு என்று போனால் என்ன? போகலாம், வேகமாகவும் இருக்கும். ஆனால் ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டிக்காரர்களுக்கு அதன் விளைவு கண்ணால் பார்த்துத் தெரிந்திருக்கும். அங்கே தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. துணியில் இல்லாத அலைகள் தெரியும். இரண்டு சல்லடைகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதால் வரும் பொய் அலை அது. படத்தின் புள்ளிகள் ஒரு சல்லடை, நாம் தேர்ந்தெடுக்கும் கட்டம் இன்னொரு சல்லடை. கட்டம் போட்ட சட்டை போட்டவர் போட்டோவைச் சுருக்கினால் சட்டையில் வானவில் ஓடுவது இதனால்தான். பழைய பத்திரிகைப் படங்களை, அந்தப் புள்ளி புள்ளியான அச்சை, ஸ்கேன் செய்து சுருக்கினால் இன்னும் மோசம்.

ஆகவே தேர்ந்தெடுப்பதை விட்டு, அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து ஒன்றாக்கணும். எந்தப் புள்ளிக்கு எவ்வளவு எடை என்று சொல்லும் சூத்திரத்துக்குத்தான் ஃபில்டர் என்று பெயர். இமேஜ்மேஜிக் சுருக்கும்போது, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், பெரும்பாலும் லான்சோஸ் என்ற ஃபில்டரை எடுத்துக்கொள்ளும். கொர்னேலியஸ் லான்சோஸ் ஹங்கேரியக் கணிதவியலாளர், பெர்லினில் ஒரு வருஷம் ஐன்ஸ்டைனுக்கு உதவியாளராக இருந்தவர். அவர் கணிதத்தை எடுத்து 1979ல் இப்படி ஃபில்டராக எழுதிக் காட்டியவர் ஒரு வானிலைக்காரர், கிளாட் டுஷான். பெரிதாக்கும்போது வருவது மிட்செல் ஃபில்டர். அதன் முழுப்பெயரில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்: மிட்செல், நெத்ராவலி. கர்நாடகத்து அங்கோலாவில் பிறந்து, பம்பாய் ஐஐடியில் படித்து, பின்னாளில் பெல் ஆய்வகத்தின் தலைவராகவே ஆன அருண் நெத்ராவலி. 1988ல் டான் மிட்செலும் அவரும் எழுதிய கட்டுரையில் கணிதம் ஓரளவுக்குத்தான். ஒரு கட்டத்துக்கு மேல், எது நல்ல படம் என்று சூத்திரம் சொல்லாது என்று தெரிந்து, ஆய்வகத்தில் ஆட்களை உட்கார வைத்துப் படங்களைக் காட்டி, "மங்கலா, ஓரத்தில் வளையம் தெரிகிறதா, சரியாக இருக்கிறதா" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் பிடித்த எண்தான் இன்றைக்கும் நம் படத்தை நிர்ணயிக்கிறது.

நீள அகலம் குறைந்தாயிற்று, இனி கேபி. 46,000 புள்ளிக்கு மூன்று பைட் என்றால் 1,38,000 பைட், சுமார் 135 கேபி. இதை 50க்குள் கொண்டுவருவது ஜேபெக்கின் வேலை. ஜேபெக்கின் அடியில் இருப்பது டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்பார்ம் என்ற கணிதம். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972ல் இந்த யோசனைக்கு நிதி கேட்டு அங்குள்ள தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். கிடைக்கவில்லை. விஷயம் ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவருடைய கருத்து! அகமது விடவில்லை. 1973 கோடை விடுமுறையில் சம்பளம் இல்லாமலே உட்கார்ந்து செய்தார். அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், டெக்சாஸ் ஆர்லிங்டனில் இருந்த கே. ஆர். ராவ் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வந்தது. ராவ் நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவர். வாட்ஸாப்பில் வரும் காலை வணக்கம் படம் ஒவ்வொன்றிலும் இந்த மூவரும் இருக்கிறார்கள்.

யோசனையின் சாரம் இவ்வளவுதான். படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாக வெட்டு. ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் நிறம் எவ்வளவு, சட்டென்று மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று பிரி. மனிதக் கண் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிக்காது, அதனால் அதைத் தள்ளு. 1992ல் இது சர்வதேசத் தரமானது. அதற்கு முன்பே, 1991 அக்டோபரில், டாம் லேன் வழிநடத்திய ஒரு தன்னார்வக் குழு இதை நிரலாக எழுதி இலவசமாகக் கொடுத்துவிட்டது. ஜேபெக் உலகெங்கும் பரவியதில் தரத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்த இலவச நிரலுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கருத்து.

முகத்துக்கு இது போதும். சிக்கல் வருவது கல்வெட்டில்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கோயில் சுவரைப் பார்த்தால் போனை எடுக்கும் கூட்டம் ஒன்று உண்டு; நானும் அதில் ஒருவன். எடுத்தவுடன் குழுவில் போட்டுவிடுவோம். அங்கேதான் வினை. மூன்று மீட்டர் நீளச் சுவரை 4000 பிக்சல் அகலத்தில் எடுத்ததாக வையுங்கள். மூன்று செ.மீ. எழுத்து ஒன்றுக்கு 40 பிக்சல் கிடைக்கும். நாலு மி.மீ. உளிக்கோடு அஞ்சு பிக்சல். நன்றாகவே படிக்கலாம். அதே படம் வாட்ஸாப்பில் சாதாரணமாகப் போனால் பெரும்பாலும் 1600 பிக்சலாகச் சுருங்கும். எழுத்து 16 பிக்சல், உளிக்கோடு இரண்டே பிக்சல். 16 பிக்சல் என்றால் குறுக்கே இரண்டு, நெடுக்கே இரண்டு, மொத்தம் நாலே நாலு ஜேபெக் கட்டத்துக்குள் ஒரு எழுத்து. அந்த நாலு கட்டத்திலும் "கண் கவனிக்காது" என்று தள்ளப்படும் நுணுக்கம் எது? உளிக்கோடுதான்.

தமிழ்க் கல்வெட்டில் இது சாதாரண நஷ்டம் இல்லை. பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகரமும் ஏகாரமும் ஒரே மாதிரி. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். வாசிப்பவர் ஏற்கனவே பாதியைச் சூழலை வைத்துத்தான் ஊகிக்கிறார். அவருக்கு மிச்சமிருந்த கோட்டையும் பறித்துக்கொண்டால் "இது ன-வா, ண-வா" என்று நாள் முழுக்கச் சண்டை போடலாம், போட்டிருக்கிறோம். இரண்டு தரப்பும் பார்த்தது கல்லை இல்லை, 1600 பிக்சல் ஊகத்தை.

நூறு வருஷத்துக்கு முந்தையவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? 1886 வாக்கில் ஹுல்ஷ் சென்னை மாகாணத்தில் கல்வெட்டுப் பணியைத் தொடங்கிய காலத்திலிருந்து நடைமுறை இதுதான்: ஈரத்தாளைக் கல்லின் மேல் ஒட்டி, தூரிகையால் அடித்து, மசி ஒற்றி எடுப்பது. மசிப்படி. எழுத்து கல்லில் எவ்வளவோ தாளிலும் அவ்வளவே. சுருக்கம் என்ற பேச்சே கிடையாது. புத்தகத்தில் அச்சிடும்போது சுருக்கித்தானே ஆகணும்? சுருக்கினார்கள். ஆனால் எபிகிராபியா இண்டிகா தொகுதிகளைப் புரட்டினால் பல தட்டுகளின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: அளவு, நாலில் ஒரு பங்கு. அந்த ஒரு வரியை வைத்து நீங்கள் கல்லில் எழுத்து எவ்வளவு பெரிது என்று இன்றைக்கும் கணக்குப் போடலாம்.

நம் கோப்புகளில் அந்த வரி இல்லை. சுருங்கிய படம் தான் சுருங்கியது என்று யாரிடமும் சொல்வதில்லை. 1600 பிக்சல் படம் அசலாகவே 1600ஆ, 4000லிருந்து வந்ததா, இடையில் எத்தனை பேர் கை மாறியதா, எதுவும் தெரியாது. தேதியும் இடமும் சேர்ந்து துடைக்கப்பட்டிருக்கும்.

குறிப்பில்லாமல் சுருக்கினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு பிரபல வழக்கு இருக்கிறது. தமிழ்நாடு அரசு முத்திரை. ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் 1940களின் கடைசியில் வரைந்தது. அதில் உள்ளது ஸ்ரீவில்லிபுத்தூர் வடபத்ரசாயி கோயில் கோபுரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தோம். இல்லை, மதுரை மீனாட்சி கோயில் மேற்குக் கோபுரம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 1949 ஏப்ரலில் முதல்வரான பி. எஸ். குமாரசுவாமி ராஜா ராஜபாளையத்துக்காரர் என்பதால் எங்கள் பக்கத்து வாதத்துக்கு எப்போதுமே கொஞ்சம் சத்தம் அதிகம். நேரில் பார்த்தால் இரண்டையும் குழப்பவே முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூர் 11 நிலை, 190 அடிக்கு மேல், மதுரையைப் போல சுதைச் சிற்பங்கள் நிரம்பி வழியாது. மதுரை மேற்குக் கோபுரம் 9 நிலை, உடம்பெல்லாம் சிற்பம். ஆனால் ரப்பர் ஸ்டாம்ப் அளவுக்குக் கோபுரத்தைக் கொண்டுவரும் ஓவியர் நிலைகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார், கோபுரம் என்று தெரிந்தால் போதும். அவருடைய கையும் ஒரு ஃபில்டர்தான். அது எதை வைத்தது, எதை விட்டது என்று கீழே ஒரு வரி இருந்திருந்தால் எழுபது வருஷத்துப் பட்டிமன்றம் மிச்சமாகியிருக்கும். முத்திரையை வைத்தே வழக்கைத் தீர்க்கலாம் என்று நினைப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த அளவில் விடை இல்லை.

இதையெல்லாம் யோசித்து நான் எனக்காக எழுதிக்கொண்ட ஸ்கிரிப்ட் நாற்பது வரிகூட இருக்காது. உள்ளே வேலை செய்வது இமேஜ்மேஜிக்தான். மோக்ரிஃபை பக்கம் போவதே இல்லை. அசல் இருக்கும் ஃபோல்டரில் எழுதவே அனுமதி கிடையாது, சுருங்கியது வேறு ஃபோல்டருக்குப் போகும். தேர்வு விண்ணப்பத்துக்கு என்றால் ஐபிபிஎஸ் அளவுக்கு வெட்டி, 50க்குள் வரும்வரை தரத்தைக் குறைக்கும், 20க்குக் கீழே போனால் ஏற்றும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மட்டும் போதும்.

கல்வெட்டுப் படம் என்றால் கூடுதலாக ஒன்று செய்யும். ஜேபெக் கோப்புக்குள் குறிப்பு எழுத ஒரு சின்ன இடம் முதலிலிருந்தே உண்டு. டாம் லேன் குழுவின் மூட்டையிலேயே அதற்கென்று இரண்டு குட்டிக் கருவிகள் இருக்கின்றன: எழுத டபிள்யூஆர்ஜேபிஜிகாம், படிக்க ஆர்டிஜேபிஜிகாம். அந்த இடத்தில் அசலின் நீள அகலம், எத்தனையில் ஒரு பங்காகச் சுருங்கியது, எடுத்த தேதி மூன்றையும் ஸ்கிரிப்ட் எழுதிவிடும். வாட்ஸாப்பில் போட்டால் இந்தக் குறிப்பும் துடைக்கப்பட்டுவிடும் என்பதால், அதே விவரத்தைப் படத்தின் அடியில் மெல்லிய வெள்ளைப் பட்டை ஒன்று சேர்த்து எழுத்தாகவும் பொறித்துவிடுகிறேன், அந்தப் பழைய தட்டுகளைப் போல. அசலே வேண்டும் என்கிறவர்களுக்கு வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காமல் போய்ச் சேரும்.

சுவரில் எடுக்கும்போது எழுத்துக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றையும் வைத்து எடுங்க. 15 செ.மீ. ஸ்கேல், பத்து ரூபாய். பட்டை வெட்டுப்பட்டாலும் அது படத்துக்குள்ளேயே இருக்கும்.